ஐப்பசியில் வைத்த பயறு

எங்கள் மையத்தில் எந்த அறைக்குள் போனாலும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் போவோம். அப்படி ஒரு விதி எங்கும் எழுதப்படவில்லை. வீட்டில் கழற்றுகிறோம், கோயிலில் கழற்றுகிறோம், ஆய்வகத்திலும் கழற்றினோம். இயக்குநர் முதல் தண்ணீர் கேன் போட வருபவர் வரை எல்லோரும் அப்படித்தான். குளிர் அறைக்குள் மட்டும் ரப்பர் பூட்ஸ் போட வேண்டும். அதையும் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய்த்தான் மாட்டிக்கொள்வோம்.

அதனால் வாசலைப் பார்த்தாலே எந்த அறையில் யார் இருக்கிறார் என்று தெரிந்துவிடும். கதவைத் தட்ட வேண்டியதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியதில்லை. இது நல்ல பழக்கம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

என் பெயர் மணிமாறன். வயது ஐம்பத்திரண்டு. விதை உறைநிலைப் பிரிவுக்குப் பொறுப்பாளர். வாக்குமூலத்தை ஸ்டேஷன் எழுத்தர் எழுத வேண்டாம், நானே எழுதித் தருகிறேன் என்று காகிதம் கேட்டேன். கொடுத்தீர்கள். நன்றி. ஆனால் எழுதி முடித்ததும் கையெழுத்துப் போட மாட்டேன். குளிர் அறையின் சீலை உடைத்து, நைட்ரஜன் வண்டியை உள்ளே விட்டு, டேங்க் நிரம்பியது என்று எனக்குத் தெரிந்த பிறகு போடுகிறேன். இன்றோடு நீங்கள் சீல் வைத்துப் பதினான்கு நாள். நிரப்பாமல் விட்டால் அந்த டேங்க் பதினெட்டு நாள் தாங்கும். அதற்கு மேல் தாங்காது.

அந்த அறை ஆபத்தானது என்று உங்கள் அறிக்கை சொல்கிறது. அறையின் மேல் குற்றம் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

டேங்க் பற்றிச் சொல்ல வேண்டும். நைட்ரஜனைத் திரவமாக்கினால் அது பூஜ்ஜியத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி குளிரில் இருக்கும். நன்றாக உலர்ந்த விதையை அதற்குள் வைத்தால் அதன் உயிர் ஓடாமல் அப்படியே நிற்கும். நூறு வருடம் கழித்து எடுத்தாலும் முளைக்கும். கன்னிவாடி, கீரனூர், தொப்பம்பட்டி பக்கத்து நூற்று நாற்பத்து மூன்று குடும்பங்களின் விதைகள் அதற்குள் இருக்கின்றன. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பைகள். சோளம், குதிரைவாலி, மொச்சை, அவரை. தட்டைப்பயறுதான் அதிகம்.

அந்தப் பைகளை நான்தான் சேர்த்தேன். ஆறு வருடம் மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போனேன். தொப்பம்பட்டிக்குப் பக்கத்தில் பொன்னுத்துரை என்று ஒரு விவசாயி. அவருடைய தட்டைப்பயறு அறுபதே நாளில், ஒரு தண்ணீர்கூடக் கட்டாமல், காய்க்கும். அந்தப் பயறு அவர் ஊரில் வேறு யாரிடமும் இல்லை. நான் அவரைத் தேடிப் போன அந்த வருடம் வண்டு விழுந்து, மிஞ்சியது கால் கிலோதான். அவர் மையத்துக்கே வந்து டேங்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்க, மாட்டுக்குச் சினை ஊசி போடற கேனாட்டவே இருக்குதுங்களே. பயறு கன்னு போடுமுங்களா?"

நானும் சிரித்தேன். பாதியை வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். வீட்டில் வைப்பதை வண்டு தின்னும். பாதியைக் கொடுப்பது பாதி நம்பிக்கை. எல்லோரிடமும் இதைத்தான் சொன்னேன். எல்லோரும் முழுவதையும் கொடுத்தார்கள்.

அது நான்கு வருடத்துக்கு முந்தைய ஐப்பசி மாதம்.

விதையை உறைய வைக்கும் முன் உலர்த்த வேண்டும். நூற்றில் ஏழு பங்குக்கு மேல் அதில் ஈரம் இருக்கக் கூடாது. இருந்தால் அந்த ஈரம் உள்ளேயே பனிக்கட்டியாகி முளையைக் கிழித்துவிடும். அந்த ஐப்பசியில் உலர்த்தும் பெட்டி பழுதாகிவிட்டது. விடாத மழை. அதே வாரம் நைட்ரஜன் வண்டி வந்துவிட்டது. நைட்ரஜன் காத்திருக்காது, ஆவியாகிக்கொண்டே இருக்கும். நான் விதைகளைப் பாயில் பரப்பி மூன்று நாள் மின்விசிறிக்குக் கீழே வைத்தேன். கையில் எடுத்தால் சலசலவென்று சத்தம் கேட்டது. அளந்து பார்க்கவில்லை. பதிவேட்டில் ஏழு என்று எழுதினேன். அந்த மாதம் முப்பத்தெட்டுப் பைகள் உள்ளே போயின.

ஊரில் எந்த வீட்டிலும் விதையின் ஈரத்தை அளப்பதில்லை. கடித்துப் பார்ப்பார்கள். நானும் கடித்துப் பார்த்தேன். டக்கென்று உடைந்தது.

முதலில் விதையைத் திரும்பக் கேட்டு வந்தவர் கன்னிவாடி அங்கம்மாள். கொடுப்பதற்கு முன் முளைப்புச் சோதனை செய்ய வேண்டும். ஈரத் துண்டில் சுற்றி வைத்தேன். நான்காம் நாள் பிரித்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. விதைகள் ஊறி, தொட்டால் இரண்டாகப் பிரிந்தன.

ஒரு பெண் விதைக்காக உழுது வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். அவளை வெறுங்கையோடு அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. திண்டுக்கல்லில் ஒரு கடையில் அதே அளவில், ஏறக்குறைய அதே நிறத்தில் பயறு வாங்கி, எங்கள் உறையில் போட்டு, அவர் பெயரை எழுதிக் கொடுத்தேன். பையில் மிஞ்சியதைத் திரும்பவும் டேங்கிலேயே வைத்தேன்.

ஒரு மாதம் கழித்து வந்தார்.

"ஏஞ்சாமி, இது எங்க பயறே இல்ல. எங்க பயறு கொடி ஓடாது. எம்புருசன் மாதிரி வச்ச எடத்துலயே கெடக்கும். இது வரப்புத் தாண்டி அடுத்தவன் காட்டுக்குப் போயிருச்சு."

"குளுருல இருந்து வந்ததும்மா. ஆரம்பத்துல வளர்ச்சி அப்படித்தான் இருக்கும். அடுத்த பட்டத்துல சரியாயிரும்."

"குளுருல இருந்து வந்தா சுருண்டுல்ல கெடக்கணும். இதென்ன இம்புட்டு ஓட்டம் ஓடுது?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போனார். அதன் பிறகு ஐந்து பேர் வந்தார்கள். எல்லாம் ஐப்பசிப் பைகள். ஐந்து பேருக்கும் கடைப்பயறுதான் கொடுத்தேன். கீரனூர்க்காரர் ஒருவர், சுண்டல் பழைய ருசியில் இல்லை, சத்தும் குறைந்துவிட்டது போலிருக்கிறது என்றார். அதற்கும் குளிரைத்தான் காரணம் சொன்னேன்.

இந்தப் பேச்சு இயக்குநர் காதுக்குப் போயிற்று. அவர் கெட்டிக்காரர். குறையைக்கூட ஆய்வுத் திட்டமாக்கத் தெரிந்தவர். உறைய வைத்த விதையின் ஆரம்ப வளர்ச்சியிலும் சத்திலும் என்ன மாற்றம் வருகிறது என்று ஒரு திட்டம் எழுதினார். அனுமதி வந்தது. அந்த வேலைக்கு ஒரு பெண்ணை எடுத்தார்கள். பெயர் ரீனா. வயது இருபத்தேழு. சொந்த ஊர் பஞ்சம்பட்டி. திண்டுக்கல்லில் மகளிர் விடுதியில் தங்கியிருந்தாள்.

அங்கம்மாளிடம் நான் சொன்ன ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவளுக்கு வேலை கிடைத்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

ரீனா நன்றாக வேலை செய்தாள். தட்டைப்பயற்றைத் தானே உலர்த்தினாள், அளந்தாள், உறைய வைத்தாள். அதைத் தட்டுகளில் விதைத்து, உறைய வைக்காத பயற்றையும் பக்கத்திலேயே விதைத்தாள். ஏழாம் நாள், பதினான்காம் நாள், இருபத்தொன்றாம் நாள் உயரம் எடுத்தாள். வேரைக் கழுவி அளந்தாள். இலையைக் காயவைத்து அரைத்து, இரும்புச் சத்தும் புரதமும் எவ்வளவு என்று பார்த்தாள். ஒன்றரை வருடம் இதையே செய்தாள். அவள் எழுதிய எண்களில் நான் ஒருமுறைகூட அடித்தல் திருத்தல் பார்த்ததில்லை.

ஆனி மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"சார், கை கழுவிட்டு வாங்க. ஒண்ணு காட்டணும்."

போனேன். இரண்டு வரிசைத் தட்டுகள்.

"ஏழாம் நாள் இது கொஞ்சம் குட்டை சார். ஒரு நாள் லேட்டா முளைக்குது, அவ்வளவுதான். பதினாலாம் நாள் சமம். இருபத்தொண்ணாம் நாள் எது எதுன்னு எனக்கே தெரியல, லேபிளப் பாத்துத்தான் சொல்றேன். இரும்பு அதேதான். புரதம் அதேதான். மூணு தடவை பண்ணிட்டேன். குளிரு விதையை ஒண்ணுமே பண்ணல சார். நீங்க ஜெயிச்சுட்டீங்க."

அவளுக்குச் சந்தோஷத்தில் முகம் வியர்த்திருந்தது. எனக்கும் சந்தோஷம்தான். ஆறு வருடம் நான் ஊர் ஊராகச் சொன்னதை ஒருத்தி எண்களில் நிரூபித்துவிட்டாள். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை.

பிறகு கேட்டாள்.

"அப்ப அங்கம்மா பயறு ஏன் சார் கொடி ஓடுச்சு?"

"மண்ணா இருக்கும்."

"அதே மண்ணுலதான சார் இத்தன வருசமா ஓடாம இருந்துச்சு?"

அப்போது அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஒரு கணக்கில் ஒரு எண் உதைக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அவள் எண் உதைத்தால் விடுகிறவள் இல்லை. செவ்வாய்க்கிழமை பேருந்தில் கன்னிவாடிக்குப் போய் அங்கம்மாளிடம் ஒரு கைப்பிடி பயறு வாங்கி வந்தாள். புதன்கிழமை அதை எங்கள் பதிவேட்டில் இருந்த படத்தோடு ஒப்பிட்டாள். வியாழக்கிழமை என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"பயறோட கண்ணு கறுப்பா இருக்கு சார். ரிஜிஸ்டர்ல சிவப்பு."

அந்தக் கைப்பிடிப் பயற்றை என் மேசைமேல் வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தம்மா பயறு எங்க சார்?"

"உள்ளதான் இருக்கு."

"அது உயிரோட இருந்தா நீங்க வேற குடுத்திருக்க மாட்டீங்க."

உட்கார்ந்தாள்.

"பொன்னுத்துரை அய்யா திங்கக்கிழமை வாராரு. ஆடிப் பட்டத்துக்கு வெதை வேணும்னு கேட்டிருக்காரு. அதுக்குள்ள ஐப்பசிப் பை முப்பத்தெட்டையும் நான் பாத்துர்றேன். அத்தனையிலயும் பத்துப் பத்து எடுத்துத் துண்டுல போட்டா திங்கக்கிழமைக்குள்ள ஓரளவு தெரிஞ்சிரும். முளைக்கலைன்னா அவங்ககிட்ட நானே சொல்லிர்றேன். உங்களக் காட்டிக் குடுக்க மாட்டேன் சார். அன்னைக்கு மிஷின் கெட்டுருச்சுன்னு சொல்லிக்கலாம். உண்மைதான அது?"

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவள் என்னை மிரட்டவில்லை. நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ள அவளைக் கொன்றேன் என்று நீங்கள் எழுதினால் அது தவறாகிவிடும். என் வேலை போகாது என்று அவளே உறுதி சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

நான் பைகளை நினைத்தேன். முப்பத்தெட்டு செத்துவிட்டது என்று ஒருவரிடம் சொன்னால் நூற்று நாற்பத்து மூன்று குடும்பங்களுக்கும் தெரியும். மற்ற நூற்றெழுபத்து நான்கு பைகளையும் திரும்பக் கேட்பார்கள். அவை நன்றாக உலர்ந்தவை, வெயில் மாதங்களில் வைத்தவை. கொடுக்க மாட்டேன் என்று நான் சொல்ல முடியாது. வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். பானையில் போடுவார்கள். ஒரு வருடம் வண்டு, ஒரு வருடம் மழை, ஒரு வருடம் வீட்டில் கல்யாணம் என்று ஐந்து வருடத்தில் எல்லாம் போய்விடும். நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு பக்கம் நூற்றெழுபத்து நான்கு. இன்னொரு பக்கம் ஒருத்தி. இதை நான் கோபத்தில் யோசிக்கவில்லை. வியாழக்கிழமை மாலை பேருந்தில் உட்கார்ந்து யோசித்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு ரீனா குளிர் அறைக்குள் போனாள். அந்த அறை முன்பு வெங்காயக் கிடங்காக இருந்தது. ஜன்னல் இல்லை. தாழ்ப்பாள் வெளியேதான். நாங்கள் சேர்த்தது காற்றை வெளியே தள்ளும் ஒரு விசிறி. அதன் சுவிட்சும் வெளியேதான். அன்று டேங்க் நிரம்பிக்கொண்டிருந்தது. நிரம்பும்போது நைட்ரஜன் புகையாக வழியும். விசிறி ஓடினால் ஒன்றும் ஆகாது. மூச்சுக் காற்று குறைந்தால் கத்தும் கருவி ஒன்று உண்டு. அது சித்திரையிலேயே பழுது பார்க்கப் போயிருந்தது. அனுப்பியது நான். திரும்ப வந்ததா என்று கேட்காமல் விட்டதும் நான். அது சோம்பல். அதைக் குற்றத்தில் சேர்க்கலாமா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

காவலாளி மாயாண்டி தினமும் ஐந்தரைக்கு ஒரு சுற்று வருவார். வாசலில் செருப்பு இல்லாத அறைகளில் சுவிட்சை அணைத்துப் பூட்டுவார். மின்சாரத்தை வீணாக்கக் கூடாது என்று இயக்குநரின் உத்தரவு சுவரில் ஒட்டியிருக்கிறது. குளிர் அறையை மாயாண்டி திறந்து பார்ப்பதில்லை. அந்தப் புகையைக் கண்டால் அவருக்குப் பயம். அவர் நம்பியது செருப்பை.

ஐந்து இருபதுக்கு நான் எழுந்து போய் ரீனாவின் செருப்பை எடுத்தேன். பழுப்பு நிறம். இடது செருப்பின் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. கொண்டுவந்து என் மேசைக்குக் கீழே வைத்தேன். பிறகு இலை அரைக்கும் மில்லைப் போட்டேன்.

நான் செய்தது அவ்வளவுதான். அவளை நான் தொடவில்லை. கதவைத் தொடவில்லை. சுவிட்சைத் தொடவில்லை.

கொஞ்ச நேரத்தில் மாயாண்டி வந்தார். மில் சத்தத்தில் கத்திப் பேசினார்.

"குளுரு ரூமப் பூட்டிட்டேன் சார். ரீனா பாப்பா போயிருச்சா? செருப்பக் காணோம்."

"நீங்க பாத்தீங்கல்ல?" என்றேன்.

"பாத்தேன் சார். சொல்லாமக் கொள்ளாமப் போயிருச்சு பாருங்க. எம்பேத்திக்கு ஏதோ பாரம் எழுதித் தாரேன்னு சொல்லுச்சு."

"நாளைக்குக் கேளுங்க."

நைட்ரஜன் விஷமில்லை. நாம் இழுக்கும் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் அதுதான். அது நிறைந்த அறையில் மூச்சுத் திணறல்கூடத் தெரியாது. தலை லேசாகும், கால் மடியும், அவ்வளவுதான் என்று பயிற்சியில் சொன்னார்கள். உறைந்து செத்தாள் என்று செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். அப்படி இல்லை. அவளுக்கு வலித்திருக்காது.

அவள் கதவைத் தட்டியிருந்தால் நான் திறந்திருப்பேன். அவள் தட்டியது எனக்குக் கேட்கவில்லை. மில் ஓடிக்கொண்டிருந்தது. இருபத்தொன்றாம் நாள் இலையை அன்றே அரைத்தாக வேண்டும். அவள் வைத்த இலைதான். பத்து நிமிட வேலை. ஆறரை வரை ஓட்டினேன்.

மில்லை நிறுத்தியபோது மையம் அமைதியாக இருந்தது. மாயாண்டி கேட்டுக்குப் போய்விட்டார். செருப்பைக் கொண்டுபோய், இருந்த இடத்திலேயே ஜோடியாக வைத்தேன். கைக்குட்டையால் பிடித்தேனா என்று கேட்டீர்கள். இல்லை. வெறும் கையால்தான். வைக்கும்போது ஊக்கு இல்லை என்று கவனித்தேன். பிறகு பார்த்தால் என் மேசைக்கு அடியில் கிடந்தது. அது என் இரண்டாவது இழுப்பறையில், ரப்பர் பேண்டுகளோடு இருக்கிறது. நான் சொல்வதை நம்பவில்லையென்றால் போய் எடுத்துக்கொள்ளுங்கள். அவள் விடுதித் தோழிகள் அதை அடையாளம் சொல்வார்கள்.

சனிக்கிழமை காலை வாசலில் செருப்பைப் பார்த்துவிட்டு மாயாண்டிதான் திறந்தார். விடுதியில் அவள் ஊருக்குப் போய்விட்டாள் என்று நினைத்திருக்கிறார்கள். ஊரில் விடுதியில் இருக்கிறாள் என்று நினைத்திருக்கிறார்கள். நீங்கள் வந்தபோது செருப்பு வாசலில் இருந்தது. செருப்பு இருந்தும் பூட்டியிருக்கிறான், குடித்திருப்பான் என்று எழுதினீர்கள். "செருப்பு இல்லய்யா, சத்தியமா இல்ல, நான் பாத்தேன்யா" என்று அவர் உங்கள் காலில் விழுந்தபோது நானும் அங்கேதான் நின்றேன்.

மாயாண்டி குடிப்பதில்லை. செருப்பு இல்லை என்பதும் உண்மை. அவர் வேலையைச் சரியாகச் செய்தார். அவரை விட்டுவிடுங்கள். இதை ஏன் இத்தனை நாள் கழித்துச் சொல்கிறாய் என்று கேட்டீர்கள். நேர்மையாகச் சொல்கிறேன். மாயாண்டிக்காக நான் வரவில்லை. அவர் உள்ளே இருப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் சாப்பாடு கிடைக்கிறது, ஜாமீனும் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். நான் எதிர்பார்க்காதது சீல். ஒரு காவலாளியின் கவனக்குறைவு என்று முடிப்பீர்கள், அறை மறுநாளே திறக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். நீங்கள் அறையையும் சேர்த்துக் குற்றவாளியாக்கிவிட்டீர்கள். விபத்து நடந்த இடம் என்று போன வாரம் நைட்ரஜன் வண்டியைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

விபத்து என்றால் நீங்கள் அறையை மூடுவது சரி. கொலை என்றால் அதை மூட வேண்டியதில்லை. என்னை மூடினால் போதும்.

நான் வருத்தப்படுகிறேனா என்று இரண்டு முறை கேட்டீர்கள். ரீனாவின் அப்பா மையத்துக்கு வந்து அவள் டப்பாவையும் குடையையும் வாங்கிக்கொண்டு போனார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களப் பத்தித்தான் எப்பவும் பேசுவா சார்" என்றார். வருத்தமாக இருந்தது. ஆனால் நீங்கள் கேட்பது அதை இல்லை. மறுபடி அந்த வெள்ளிக்கிழமை வந்தால் என்ன செய்வாய் என்று கேட்கிறீர்கள். ஐந்து இருபதுக்கு எழுந்து போவேன். நீதிமன்றத்திலும் இதையே சொல்வேன். எனக்கு வக்கீல் வேண்டாம்.

பொன்னுத்துரை சொன்னபடி திங்கட்கிழமை வந்தார். கேட்டில் போலீஸ் நிற்பதைப் பார்த்துவிட்டு வெளியே வேப்பமரத்துக்குக் கீழேயே நின்றார். நான் போனேன்.

"அந்தப் புள்ளைதானுங்களே போன்ல பேசுச்சு. திங்கக்கெழமை வாங்க, உங்க பயறப் பத்தி நேர்ல சொல்றேன்னுச்சு. என்னமோ சொல்ல நெனச்சிருக்குது பாவம்."

"பயறு தயாரா இருக்குன்னு சொல்லத்தான் கூப்பிட்டிருப்பா" என்றேன்.

உறையைக் கொடுத்தேன். பொன்னுத்துரை, தொப்பம்பட்டி, தட்டைப்பயறு, கால் கிலோ என்று என் கையெழுத்தில் இருந்தது.

"ஒரு உசுரு போன எடத்துல இருந்து வெதை வாங்கிட்டுப் போறது மனசுக்கு ஒப்பலீங்க" என்றார். ஆனாலும் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பேருந்து வரும்வரை நின்றேன். இப்போது விதைத்திருப்பார். இரண்டு இலை விட்டிருக்கும்.

அது கடைப்பயறு. அதை எப்போது வாங்கினாய் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை மாலை வாங்கினேன். பேருந்திலிருந்து இறங்கி, மூன்று கடை ஏறி, பொன்னுத்துரையின் பயறு போலவே கண் சிவப்பாக இருக்கும் பயறாகத் தேடி வாங்கினேன். அங்கம்மாள் விஷயத்தில் செய்த தவறை மறுபடி செய்யவில்லை. ஆகவே இது யோசித்துச் செய்தது. நீங்கள் போட வேண்டிய சட்டப் பிரிவை அதற்குத் தகுந்தபடி போடுங்கள். ரீனாவை நான்தான் கொன்றேன்.

நேற்று ஒரு யோசனை சொன்னீர்கள். வல்லுநர்கள் வந்து பார்ப்பார்கள், உயிரோடு இருக்கும் நூற்றெழுபத்து நான்கு பைகளை வேறு ஊர் டேங்குக்கு மாற்றுவார்கள், ஐப்பசிப் பைகளை அப்புறப்படுத்துவார்கள் என்றீர்கள். அப்படிச் செய்தால் கையெழுத்து உண்டா என்றும் கேட்டீர்கள்.

இல்லை. மாற்றினால் இருநூற்றுப் பன்னிரண்டையும் மாற்ற வேண்டும். முப்பத்தெட்டையும் எடுத்துக்கொள்வதாக எழுதிக் கொடுங்கள்.

அவை செத்தவைதானே, நீயே சோதித்துத்தானே பார்த்தாய் என்று சிரித்தீர்கள். சோதித்தேன். பொன்னுத்துரையின் பயற்றையும் சோதித்தேன். போன தை மாதம், யாருக்கும் சொல்லாமல், வீட்டில் ஈரத் துண்டில் நூறு விதை போட்டேன். ஒரு வாரம் பார்த்தேன். ஒன்றும் முளைக்கவில்லை.

ஆனால் நான் போட்டது நூறுதான். பையில் இன்னும் இரண்டாயிரம் விதை இருக்கிறது.